ஆன் ஆகாத கம்ப்யூட்டர், ஆஃப் ஆகாத கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை" என்று போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதுவரைக்கும் வருது?" என்பதுதான். "ஒண்ணுமே வரலை சார்" என்பார்கள். லைட் எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, கம்பெனி பெயர் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், "பேரு தெரியுது சார், அதுக்கப்புறம் ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு" என்று பதில் வரும். அது ஒன்றுமே வராத கம்ப்யூட்டர் இல்லை. முக்கால் தூரம் வந்து நின்றுபோன கம்ப்யூட்டர். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வண்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய் விடலாம். கல்வராயன் மலையில் இருப்பவர் நிலை அப்படி இல்லை. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்திலிருந்து சிபியு பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக இங்கே வருகிறார்கள். ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அப்படி வந்த ஒரு பெட்டியை மேஜையில் வைத்து என்னிடமிருந்த பவர் கார்டைச் செருகினேன். உடனே ஆன் ஆகிவிட்டது. பழுது அவருடைய பவர் கார்டில். அது மலைமேல் வீட்டிலேயே இருந்தது.

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் நேராக வந்துவிடுவதில்லை. முதலில் மின்சாரம் சரியாக வரவேண்டும். பிறகு மதர்போர்டில் உள்ள பயாஸ் புரோகிராம் விழித்து, ராம், கீ போர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும். அடுத்து எந்த டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறது என்று தேடும். கிடைத்தால் விண்டோஸ் ஏறும். கடைசியாகத்தான் டெஸ்க்டாப். பஸ் எந்த ஊரில் நின்றது என்று தெரிந்தால்தானே ஆள் அனுப்ப முடியும்? அதுபோல, கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள்.

உயிரே இல்லை என்றால்

லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை என்றால் விண்டோஸுக்கும் வைரஸுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பாயிண்ட் சரி. அடுத்து பவர் கார்டு. மானிட்டருக்கும் சிபியுவுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி கார்டுதான் என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம். சிபியுவின் பின்பக்கம், கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆகியிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய இன்னொரு சிவப்பு ஸ்விட்ச்சும் உண்டு. அது எப்போதும் 230ல்தான் இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக 115க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் வெடிச் சத்தத்தோடு போய்விடும்.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்து, "செத்துப்போச்சு" என்று கொண்டுவந்த லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடுவது உண்டு.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

இங்கே முதல் சந்தேகம் மானிட்டர் கேபிள் மீதுதான். இரண்டு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் என்றால் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். இடம் மாற்றி வைக்கும்போது மதர்போர்டு பக்கம் செருகிவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும்.

கேபிள் சரியென்றால் அடுத்தது ராம். ஆன் செய்ததும் 'பீப், பீப்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். எத்தனை பீப், எவ்வளவு நீளம் என்பதற்கு அர்த்தம் உண்டு. ஆனால் பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். மதர்போர்டோடு வந்த புத்தகத்தைப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். டெஸ்க்டாப் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமை மெதுவாகக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஈரக்காற்று உள்ள இடங்களில் இந்தப் பற்களில் மெல்லிய அழுக்குப் படியும். மலையிலிருந்து மழைக்காலத்தில் வரும் பெட்டிகளில் நான் முதலில் செய்வது இதைத்தான். லேப்டாப்பை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம்.

ஆன் ஆகி சில நிமிடங்களில் தானாக அணைந்து, சற்று ஆறியதும் மறுபடி ஆன் ஆனால் அது சூடு. பிராசஸருக்கு மேலுள்ள ஃபேனில் தூசி அடைத்திருக்கும். அரிசி ஆலை பக்கத்து வீடுகளில் தவிட்டுத்தூசி பஞ்சு மாதிரி படிந்திருப்பதைப் பார்க்கலாம். பெயிண்ட் பிரஷ் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது.

கம்பெனி பெயர் வந்து நின்றால்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறதா? பயப்படுவதற்கு முன் யுஎஸ்பி போர்ட்களைப் பாருங்கள். பென்டிரைவ் ஏதாவது செருகியபடியே இருக்கிறதா? சில கம்ப்யூட்டர்கள் அதில்தான் விண்டோஸ் இருக்கிறது என்று நினைத்துத் தேடிவிட்டு, இல்லை என்று நின்றுவிடும். எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். முன்பு பிளாப்பி டிஸ்க்கை எடுக்க மறந்தாலும் இதே கதைதான். பிளாப்பி போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

பென்டிரைவ் இல்லை என்றால் கம்ப்யூட்டரின் தேதியைக் கவனியுங்கள். பயாஸ் திரையில் தேதி 2015 என்றோ அதற்கு முன்னாலோ காட்டினால் (நம் மாவட்டமே 2019 நவம்பரில்தான் பிறந்தது!) மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். 3 வோல்ட். அது தீர்ந்தால் தேதியோடு, எந்த டிஸ்க்கிலிருந்து விண்டோஸை எடுப்பது என்ற செட்டிங்கும் மறந்து போகலாம். தேதி தவறாக இருந்தால் பேங்க் வெப்சைட்டும் திறக்காது. இன்டர்நெட் போய்விட்டது என்று நினைத்துக் கொள்வார்கள்.

'டக், டக்' என்று பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள். அது ஹார்ட் டிஸ்க் உடையும் சத்தம். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதில் மிச்சமிருக்கும் ஃபைல்களும் போகும்.

தமிழக அரசு 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆரம்ப வருடங்களில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. அதனால் ஆன் செய்ததும் எதில் போக வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். தம்பி, தங்கைக்குக் கைமாறிய லேப்டாப்பில் இதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுகிறார்கள். அம்புக்குறி கீயால் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் போதும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அந்தப் பட்டியல் மறைந்துவிடும். ஆனால் லினக்ஸ் பகுதியில் இருந்த ஃபைல்கள் டிஸ்க்கில் அப்படியே இருக்க வாய்ப்புண்டு. எடுக்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்

விண்டோஸ் சின்னம் வந்து, கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. இங்கே முதல் மருந்து பொறுமை. முந்தைய நாள் அப்டேட் இறங்கியிருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் அரைமணி நேரம்கூட ஆகலாம். சிபியுவில் டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

பழைய புத்தகங்களில் 'எஃப்8 கீயை அழுத்தவும்' என்று இருக்கும். விண்டோஸ் 8க்குப் பிறகு அது சாதாரணமாக வேலை செய்யாது. இப்போது வழி வேறு. விண்டோஸ் சின்னம் வந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைக்கவும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், தனக்கு ஏதோ கோளாறு என்று விண்டோஸே புரிந்துகொண்டு நீலத் திரையில் ரிப்பேர் மெனுவைக் கொடுக்கும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போகவும். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். பலிக்கவில்லை என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதற்கடுத்து சிஸ்டம் ரீஸ்டோர். இந்த மூன்றும் உங்கள் போட்டோக்களையும் டாகுமெண்ட்களையும் தொடுவதில்லை. இதே இடத்தில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோட் போகலாம். சேஃப் மோடில் கம்ப்யூட்டர் நன்றாக வருகிறது என்றால், கடைசியாக நீங்கள் போட்ட புரோகிராம் அல்லது டிரைவர்தான் குற்றவாளி. அதை நீக்கிவிடவும்.

சேஃப் மோட் ஏதோ சின்ன வீட்டு வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று பெரிய பெரிய கம்பெனிகளின் இன்ஜினியர்கள் செய்த வேலை, கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகப் போய் சேஃப் மோடில் திறந்து ஒரு ஃபைலை அழித்ததுதான்.

ஃபார்மெட் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

"ஃபார்மெட் பண்ணிடலாம்" என்பது பல இடங்களில் முதல் வார்த்தையாகவே வந்துவிடுகிறது. அது வேகமான வழி என்பது உண்மை. யாருக்கு வேகம் என்பதுதான் கேள்வி. மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் மூன்று வருடக் கணக்கை ஒரு அக்கா எக்செல் ஃபைலில் எழுதி, டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது என்று ஒரு கடையில் கொடுத்தார். சாயங்காலம் கம்ப்யூட்டர் புதுசு போலத் திரும்பி வந்தது. கணக்கு வரவில்லை. பிறகு என்னிடம் வந்தார். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு இரண்டு நாள் தேடியதில் ஒரு வருடத்துக் கணக்கு மட்டும் கிடைத்தது. மீதியைப் பாஸ்புக்குகளையும் நோட்டுகளையும் பார்த்து உட்கார்ந்து எழுதினார்கள். டி டிரைவில் வைத்திருந்தால்கூடப் பெரும்பாலும் தப்பியிருக்கும். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் இரண்டுமே சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது புதிதாக வாங்கியவர்களுக்குத் தெரிவதில்லை.

விண்டோஸ் ஏறாவிட்டாலும் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஃபைல்களை எடுத்துவிடலாம். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி காப்பி செய்வது ஒரு மெக்கானிக்குக் கால்மணி நேர வேலை. காப்பி ஓடும் நேரம் தனி. அதைச் செய்துவிட்டு ஃபார்மெட் செய்யச் சொல்லுங்கள். கூடுதல் பணம் கேட்டால் கொடுங்கள்.

விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டு விடுகிறது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். தினமும் உங்களுக்கு இது தெரியாது. மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் செட்டிங்கைத் தொட்டாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டாலோ 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். அந்த எண் இல்லை என்றால் மெக்கானிக் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்ட்டே வந்தாலும் திறக்க முடியாது. எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில், டிவைசஸ் பகுதியில் இருக்கும். ஆனால் கடையில் வேறு யாரோ ஒருவரின் இமெயில் போட்டு அக்கவுண்ட் தொடங்கிக் கொடுத்திருந்தால்? கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே செட்டிங்ஸ் விண்டோவில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்து, அங்கே இருப்பது உங்கள் இமெயில்தானா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். 48 இலக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

இப்போது ஆஃப் ஆகாத கதை

ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக அணைகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் அப்படி இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கம்ப்யூட்டரில், உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. மறுநாள் அதைத் திரும்பப் படித்து வேகமாக எழுகிறது. நேற்றைய கோளாறு இன்றும் தொடர்வதற்கு இது ஒரு காரணம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைக் கிளிக் செய்திடவும். 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடும். தினமும் ராத்திரி அணைக்கும் கம்ப்யூட்டரில் அது 12 நாள் என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விந்தை என்னவென்றால், ரீஸ்டார்ட்தான் முழுமையாக அணைத்து எழுப்புகிறது. எனவே பிரிண்டர் வேலை செய்யவில்லை, சத்தம் வரவில்லை, அணையும்போது திரை கறுப்பாகி லைட் மட்டும் எரிகிறது என்றால் ஷட் டவுன் கொடுத்துப் பயனில்லை. ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அணைவதில் அடிக்கடி தகராறு செய்தால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, இடப்பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற வரியைக் கிளிக் செய்திடவும். அதில் மாற்ற முடியாதபடி இருக்கும் செட்டிங்குகளைத் திறக்கும் நீல நிற வரியைக் கிளிக் செய்த பின், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு சேவ் செய்யவும். ஆன் ஆகச் சில விநாடிகள் கூடும், அவ்வளவுதான். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் அதுவும் தெரியாது.

அணைக்கச் சொன்னால் அணைந்து மறுபடி தானே எழுந்தால், அணையும் கடைசி நேரத்தில் ஏதோ ஒரு டிரைவர் தடுமாறுகிறது என்று சந்தேகிக்கலாம். பிரிண்டர், வெப்கேம் போன்ற யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றிவிட்டு ஷட் டவுன் செய்து பாருங்கள். எதைக் கழற்றினால் ஒழுங்காக அணைகிறதோ அதன் டிரைவரைப் புதிதாகப் போடுங்கள்.

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் யாரும் தொடாமலே கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது என்று ஒருவர் பேய்க் கதை போலச் சொன்னார். அது பயாஸில் உள்ள செட்டிங். மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்று அங்கே ஒரு வரி இருக்கும். அதை 'பவர் ஆஃப்' என்று வையுங்கள். கரண்ட் ஒருமுறை வந்து போய் மறுபடி வரும் ஊர்களில், ஒவ்வொரு முறையும் எழ முயன்று பாதியில் விழுவது டிஸ்க்குக்கு ஆகாது.

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது கரண்டாலா, வேறு கோளாறாலா என்று தெரியவில்லையா? ஸ்டார்ட் தேடலில் இவென்ட் வியூவர் என்று தட்டி, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போகவும். 'கெர்னல் பவர்' என்ற பெயரோடு 41 என்ற எண் இருந்தால், ஒழுங்காக அணையாமல் விழுந்தது என்று பொருள். அந்த நேரத்தையும் வீட்டில் விளக்கு மினுக்கிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கம்ப்யூட்டரில் பணம் செலவழிக்க வேண்டாம், யுபிஎஸ் வாங்குங்கள். வீட்டு டெஸ்க்டாப்புக்கு 600 விஏ போதும். லேசர் பிரிண்டரை அதில் செருகக் கூடாது. அது இழுக்கும் கரண்டை யுபிஎஸ் தாங்காது. பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சாகும். அதனால் மாதம் ஒருமுறை, எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யுபிஎஸ் எதற்கு என்று கேட்பவர்கள், கரண்ட் போகும்போது ஃபேன் ஒருகணம் தடுமாறுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஒருகணத்தில் கம்ப்யூட்டர் விழுந்துவிடும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், பிறகு யுபிஎஸ் பற்றி யோசிக்கலாம்.

இடிக்கு மட்டும் யுபிஎஸ்ஸும் காப்பு இல்லை, ஸ்பைக் பஸ்டரும் காப்பு இல்லை. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மலைமேல் இடி இறங்கும்போது, ஷட் டவுன் செய்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் நெட்வொர்க் கேபிளும் செம்புக் கம்பிதான். அதையும் கழற்றி வையுங்கள்.